கடன் அறவிடுவோருக்கும் ஒரு கடிவாளம்

கடன் அன்பை முறிக்கும் என்பது கடைத்தெருக்களில் எழுதித் தொங்கவிடப்படும் பழமொழி. கொடுத்தவன் கேட்பது முறை. வாங்கியவன் திருப்பிக் கொடுப்பது கடமை. ஆனால், கொடுத்தவனுமல்லாத வாங்கியவனுமல்லாத மூன்றாமவன் ஒருவன் இடையே புகுந்து, பணத்தைக் கொடு என்று கதவைத் தட்டுவானாயின், அவன் யார், அவனுக்கு அவ்வுரிமையை அளித்தவர் யார் என்னும் வினாக்கள் எழுதல் இயல்பே. இவ்வினாக்களுக்கு ஐக்கிய அமெரிக்க மாநிலங்கள் பல கண்ட விடையே அனுமதிப்பத்திர முறையாகும்.

அமெரிக்காவிலே கடன் அறவிடுதல் ஒரு தனித் தொழில். வங்கியோ வைத்தியசாலையோ தனக்கு வரவேண்டிய பணத்தைத் தண்டித் தரும்படி ஒரு தாபனத்திடம் ஒப்படைக்கலாம். அன்றி, வாராக் கடனென்று கருதி, அதனை மிகக் குறைந்த விலைக்கு விற்றுவிடலாம். அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணைக்குழு 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, அவ்வாறு வாங்குவோர் ஒரு டொலர்க் கடனுக்குச் சராசரியாகக் கொடுத்த விலை 4 சதமே. கடன் கைமாறுகின்றது, அதற்குரிய பத்திரங்களோ பெரும்பாலும் உடன் செல்வதில்லை. துன்பத்தின் வேர் இங்கேதான் உள்ளது.

ஒரு முதியவளை எண்ணிப் பார்ப்போம். பல்லாண்டுகளுக்கு முன் செலுத்திவிட்டதாக அவள் நம்பும் வைத்தியச் செலவொன்றுக்காகத் தொலைபேசி ஒலிக்கின்றது. பேசுபவனின் பெயர் அவள் அறியாதது. தாபனமோ அவள் கேள்விப்படாதது. இன்றே செலுத்தாவிடில் சிறை என்று அவன் அச்சுறுத்துகின்றான். மானத்துக்கு அஞ்சிய அவள், கேள்வி எதுவும் கேளாது பணத்தை அனுப்பிவிடுகின்றாள். அவள் இழந்தது பணம் மட்டுமன்று. உறக்கத்தையும் அன்றோ இழந்தாள்!

இத்தகைய கொடுமைகளைத் தடுத்தற்பொருட்டு அமெரிக்கக் காங்கிரஸ் 1977ஆம் ஆண்டில் நேர்மையான கடன் அறவீட்டு முறைகள் பற்றிய சட்டத்தை இயற்றியது. அக்காலத்தில் 13 மாநிலங்களிலே இத்துறைக்கென ஒரு சட்டமும் இருக்கவில்லை என்று செனற் சபையின் அறிக்கையே கூறிற்று. புதிய சட்டம், வசதியற்ற வேளையில் அழைத்தலைத் தடுத்தது. பொதுவாகக் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 9 மணிக்குப் பின்னும் அழைத்தல் ஆகாது என வரையறுத்தது. பொய்யாகச் சிறை என்று மிரட்டுதலும், வசைமொழி கூறுதலும் விலக்கப்பட்டன. அறிவித்தல் கிடைத்த 30 நாட்களுக்குள் கடனை எழுத்துமூலம் மறுத்துரைத்தால், அதனை உறுதிப்படுத்தும் வரை அறவீட்டை நிறுத்தவேண்டும் என்ற விதியும் எழுந்தது. 2021 நொவெம்பர் 30ஆம் நாள் நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதி, ஒரு கடனுக்காக 7 நாட்களுள் 7 முறைக்கு மேல் தொலைபேசியில் அழைப்பது தொந்தரவென அனுமானிக்கப்படும் என்றது.

ஆயின், இம்மத்திய சட்டம் ஒழுகும் முறையைக் கூறுகின்றதேயன்றி, தொழிலுக்குள் நுழையும் வாயிலிலே காவலாளியை நிறுத்தவில்லை. மாநிலங்கள் இதனினும் மிகுந்த பாதுகாப்பு அளிக்கலாமென்று அதுவே இடம் விட்டது. அந்த இடத்திலேதான் அனுமதிப்பத்திரம் வந்து நிற்கின்றது. எல்லா மாநிலங்களும் அதனை வேண்டுவதில்லை. சில பதிவு ஒன்றுடன் அமைகின்றன. சில பிணைமுறியும் கேட்கின்றன. நியூயோர்க் போன்ற மாநகரம் தன் எல்லைக்குள் தானே அனுமதி வழங்குகின்றது.

கலிபோர்னியா மாநிலத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அங்கே 2020இல் நிறைவேறிய சட்டம் 2022 ஜனவரி முதலாம் நாள் தொடக்கம் அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்கியது. பிறர் கடனைத் தண்டுவோர் மட்டுமன்றிக் கடனை விலைக்கு வாங்கியோரும் அதன்கண் அடங்குவர். விண்ணப்பிக்கும் தாபனத்தின் பொறுப்பாளர் தம் கைவிரல் அடையாளத்தை அளித்து, முற்குற்றங்கள் பற்றிய விசாரணைக்கு உட்படவேண்டும். குறைந்தது 25,000 டொலருக்குப் பிணைமுறி கொடுக்கவேண்டும். கடனாளிக்கு அனுப்பும் மடல்களில் அனுமதிப்பத்திர இலக்கம் கண்ணுக்குத் தெரியும் அளவில் அச்சிடப்பட்டிருத்தல் வேண்டும்.

இச்சிறு இலக்கத்தின் பெருமை யாது? முன்பு பெயரற்ற குரலாயிருந்தவன் இப்போது முகவரி உடையவனாகின்றான். அம்முதியவள் இலக்கத்தைக் கேட்கலாம்; அரசாங்கத் திணைக்களத்தின் பதிவேட்டில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்; முறைகேடு கண்டால் முறையிடலாம். அனுமதியை இழந்தால் தொழிலையே இழக்க நேருமாதலின், தாபனமும் தன் ஊழியரின் நாவை அடக்கி வைக்கும். நேர்மையாகத் தொழில் செய்வோருக்கும் இது நன்மையே. போலிகளோடு அவர்களை ஒன்றாக எண்ணும் நிலை குறைகின்றது.

எனினும், பத்திரம் ஒன்றே நீதியாகிவிடாது. வண்டியோட்ட அனுமதி பெற்றவர் அனைவரும் நிதானமாக ஓட்டுவதில்லை. மேற்பார்வை தளர்ந்தால் அனுமதிப்பத்திரம் சுவரில் தொங்கும் வெறுந்தாளேயாகும். மக்களும் தம் உரிமையை அறிந்திருத்தல் வேண்டும். அறியாதார்க்குச் சட்டம் பூட்டிய பெட்டியிலுள்ள மருந்தை ஒத்தது.

கடனைத் திருப்பிக் கொடுத்தல் அறம், அதில் ஐயமில்லை. ஆனால் கடன்பட்டவன் பணத்தையே கடன்பட்டான். மானத்தை ஈடு வைத்தானல்லன். அனுமதிப்பத்திரச் சட்டங்கள் யாவும் காக்க முனைவது இவ்வேறுபாட்டையே.