சீட்டும் கணக்கும்



வானம் பார்த்த நம் குமாரலிங்கபுரத்தில் வேலையற்ற நாள்களும் உண்டு. அந்நாள்களில் மரத்தடியில் சீட்டாட்டமும் உண்டு. தோற்றவர் 'தலையெழுத்து' என்கிறார். அது தலையெழுத்துத்தானா என்று கணக்கிட்டுப் பார்ப்போம்.

சீட்டுக்கட்டில் உள்ளவை 52 சீட்டுகள். அவற்றுள் ராஜா 4. நன்கு கலைத்து ஒன்றை எடுத்தால், அது ராஜாவாக இருக்கும் வாய்ப்பு 52-இல் 4. சுருக்கினால் 13-இல் 1. இதுவே நிகழ்தகவு.

மூன்று சீட்டு ஆட்டத்தில் மூன்றும் ஒரே மதிப்பில் விழும் வாய்ப்பு எவ்வளவு? முதற்சீட்டு எதுவாயினும் ஆகுக. இரண்டாவது அதனோடு ஒத்திருக்க 51-இல் 3. மூன்றாவதும் ஒத்திருக்க 50-இல் 2. இரண்டையும் பெருக்கினால் 425-இல் 1. ரம்மியில் திறமைக்கு இடம் மிகுதி என்றும், மூன்று சீட்டு அத்தகையதன்று என்றும் உச்சநீதிமன்றம் 1967-இல் பிரித்துரைத்தது.

முன் ஆட்டத்தில் நாம் தோற்றதைக் கலைத்த சீட்டு அறியாது. 'இம்முறை வந்தே தீரும்' என்று கூலிப்பணத்தை வைத்தாலும் வாய்ப்பு அதே 425-இல் 1 தான்.

பிறப்பே விதி என்று நமக்குச் சொல்லப்பட்ட பொய்யை நாம் ஏற்கவில்லை. சீட்டின் பெயரால் சொல்லப்படும் விதியை மட்டும் ஏன் ஏற்க வேண்டும்? சீட்டைக் கையில் எடுப்போம்; பணம் வைத்து ஆடுவதற்கன்று, பின்னம் பயில்வதற்கு.