மலைநாட்டுப் புகையிரதம் யாருக்கு?



1884இல் அட்டனையும், 1885இல் நானு ஓயாவையும், 1924இல் பதுளையையும் எட்டிய இப்புகையிரதப் பாதை, தோட்ட விளைபொருளைக் கொழும்புத் துறைமுகத்திற்கு இறக்கவும் தோட்டங்களுக்கு அரிசியை ஏற்றவுமே போடப்பட்டது. மக்கள் பின்னரே நினைக்கப்பட்டனர். நானு ஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை சென்ற சிறுபாதையோ 1940களில் மூடப்பட்டது, மீளவேயில்லை.

இன்று எல்லவின் எழிலைக் காண உலகமே வருகின்றது. வரட்டும், வரவேற்போம்! ஆனால், பேராதனைப் பல்கலைக்கழகம் செல்லும் மாணவனும், கண்டி மருத்துவமனைக்குப் போகும் தாயும், சந்தைக்குச் செல்லும் கமக்காரனும் கால்கடுக்க நின்றே போவதா?

2025 நவம்பரில் டித்வா புயல் இப்பாதையைப் பலவிடங்களில் சிதைத்தது. சீரமைப்பென்பது தண்டவாளத்தோடு முடியும் வேலையன்று. நாம் கோருவன மூன்று. பள்ளிக்கும் பணிக்கும் ஏற்ற வேளைகளில் அட்டன்–கண்டி சாதாரண வண்டிகள். முன்பதிவில்லா மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் போதியளவு. நிலையங்களில் தமிழில் அறிவித்தல். தமிழும் அரசகரும மொழியென்பது அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரை. எவரும் இடும் பிச்சையன்று.

கோரிக்கைக்குச் சான்று வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, எந்த வண்டியில் எவ்வகுப்புக்கு எத்தனை இருக்கைகளெனப் புகையிரதத் திணைக்களத்தை எழுத்தில் கேட்போம். தருவதா, மறுப்பதா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அது தீர்மானித்தே ஆகவேண்டும். அக்கணக்கோடு தோட்டந்தோறும் கையொப்பம் திரட்டி, நம் உறுப்பினர்கள் வாயிலாகப் பாராளுமன்றத்திற்கு மனுச் செய்வோம்.

வண்டிக்காகக் காத்திருந்தது போதும், வண்டியை வரவழைப்போம்!