கணக்குல 12, ரேக்ல ஒண்ணுமில்ல

கடையில சரக்கு தீர்ந்தா ஆர்டர் போடுறது யார் வேலை? கடைக்காரர் வேலைதானே? அந்த வேலையை சரக்கு அனுப்புற கம்பெனியே எடுத்துக்கிட்டா, அதுதான் வெண்டர் மேனேஜ்டு இன்வென்டரி. சுருக்கமா வி.எம்.ஐ.

இதுக்கு எல்லாரும் காட்டுற உதாரணம், 1980-களின் கடைசியில அமெரிக்காவின் வால்மார்ட்டும் பி அண்ட் ஜி கம்பெனியும் சேர்ந்து செஞ்சது. பி அண்ட் ஜி-யோட பாம்பர்ஸ் டயப்பரையே எடுத்துக்குங்க. குழந்தைங்களுக்கு டயப்பர் செலவாகுற வேகம் பெரிசா மாறாது. ஆனா கடையோட ஆர்டர் கொஞ்சம் ஏறி இறங்கும். மொத்த வியாபாரி ஆர்டர் இன்னும் ஆடும். ஃபேக்டரி மூலப்பொருளுக்குப் போடுற ஆர்டர் தாறுமாறா ஆடும். ஆளாளுக்கு ‘எதுக்கும் கொஞ்சம் சேர்த்தே போடுவோம்’னு நினைக்கிறது இதுக்கு ஒரு முக்கியக் காரணம். சாட்டையோட பிடியை லேசா அசைச்சாலே நுனி எப்படி வீசும்! அதனால இதுக்குப் பேர் புல்விப் எஃபெக்ட்.

வால்மார்ட் தன்னோட விற்பனை விவரத்தை நேரா பி அண்ட் ஜி-கிட்ட கொடுத்தது. எப்போ, எவ்வளவு அனுப்பணும்னு அவங்களே முடிவு பண்ணாங்க. ஆர்டரைப் பார்த்து ஊகிக்க வேண்டிய அவசியம் குறைஞ்சது.

கேக்க அழகாத்தான் இருக்கு. என்னோட முதல் வேலையில, ஒரு சப்ளையருக்காக இதே மாதிரி கோடு எழுதினேன். இருப்பு 6-க்குக் கீழ போனா சரக்கு அனுப்பணும். அவ்வளவுதான். ஒரு கடையில ஷாம்பு பெட்டி ஒண்ணு உடைஞ்சு, 12 பாட்டிலையும் தூக்கிப் போட்டுட்டாங்க. சிஸ்டத்துல யாரும் கழிக்கல. கணக்குல 12 அப்படியே நின்னுச்சு. மூணு வாரம் விற்பனை இல்ல. என் கோடு என்ன பண்ணுச்சு தெரியுமா? ‘இந்தக் கடையில ஷாம்புக்கு ஆளே இல்ல’ன்னு முடிவு பண்ணி, மதிப்பீட்டையும் குறைச்சிடுச்சு.

கடைசியில அந்தக் கடை அக்கா போன் பண்ணாங்க. “சார், உங்க கணக்குல 12 இருக்கலாம். ரேக்ல ஒண்ணுகூட இல்ல. நானே ஆர்டர் போடலாம்னா, அந்தப் பட்டனையே எடுத்துட்டீங்களே?”

எடுத்தது நான்தான். அன்னைக்கு ரெண்டு விஷயம் சேர்த்தேன். இருப்பு இருந்தும் ஒரு வாரம் விற்கலைன்னா, ‘போய் எண்ணிப் பாருங்க’ன்னு கடைக்கு ஒரு மெசேஜ் போகும். அப்புறம், அந்தப் பட்டன் திரும்ப வந்துச்சு.

முடிவெடுக்கிற வேலையை தூரத்துல இருக்கிறவங்க எடுத்துக்கலாம். ஆனா ரேக் முன்னாடி நிக்கிறவங்க வாயை மட்டும் அடைச்சிடக்கூடாது. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.