ஓய்வும் ஒரு பயிற்சியே

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பெற்ற உரை)



எமது மைதானத்தில் இன்று ஓடும் பிள்ளைகளுக்குச் சங்கம் என்ன செய்யலாம் என்று கேட்டால், சப்பாத்து, சீருடை, வெற்றிக் கிண்ணம் என்றே நாம் முதலில் எண்ணுகிறோம். அவை வேண்டியவையே. ஆனால் அவற்றுடன் சேர்த்து நாம் பெற்றுக்கொடுக்க வேண்டியது இன்னொன்று உண்டு: களைத்த நாளில் இளைப்பாறும் உரிமை. அதற்கு இதயமே சான்று சொல்கிறது.

நல்ல இதயம் மணிக்கூடு போல ஒரே சீராக அடிக்கும் என்று பலரும் நினைக்கிறோம். அப்படியன்று. நிமிடத்துக்கு 60 தடவை துடிக்கும் இதயத்தில் இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம் எப்போதும் சரியாக ஒரு செக்கன் அல்ல. ஒருமுறை 0.95 செக்கன், மறுமுறை 1.04 செக்கன் என்று மாறிக்கொண்டிருக்கும். மூச்சை உள்ளிழுக்கும்போது துடிப்பு சற்று விரைவடையும். வெளியே விடும்போது தாமதிக்கும். ஜேர்மனிய உடற்றொழிலியலாளர் கார்ல் லுட்விக் 1847 இலேயே இதைப் பதிவு செய்துள்ளார்.

இதற்குக் காரணம் எமது விருப்பத்தைக் கேளாமலே இயங்கும் தன்னாட்சி நரம்புத் தொகுதி. அதில் பரிவு நரம்புகள் இதயத்தை முடுக்குகின்றன. பரபரிவு நரம்புகள் அமைதிப்படுத்துகின்றன. நரம்புகளின் பிடி எதுவும் இல்லாவிட்டால் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 தடவை துடிக்கும். ஓய்வில் அதை 60, 70 இல் வைத்திருப்பது பரபரிவு நரம்பே. நன்கு இளைப்பாறிய வீராங்கனையிடம் அதன் பிடி மூச்சுக்கு மூச்சு இறுகித் தளர்வதால் துடிப்பிடை நேரமும் நன்றாக மாறுபடும். கடும் பயிற்சி, நித்திரைக் குறைவு, காய்ச்சலின் தொடக்கம், பரீட்சைக் கவலை ஆகியன அந்த வேறுபாட்டைப் பொதுவாகக் குறைத்துவிடும். காலுக்கும் இதயத்துக்கும் வேறு வேறு களைப்பு என்றில்லை. எல்லாச் சுமையும் ஒரே உடலில்தான் இறங்குகிறது.

பின்லாந்து ஆய்வாளர்கள் இதையே வழிகாட்டியாக்கினர். காலையில் அளந்து, வேறுபாடு குறைந்த நாளில் இலகு பயிற்சி அல்லது ஓய்வு, வழமையான நாளில் கடும் பயிற்சி என்று ஒழுங்கு செய்தனர். 2010 இல் வெளியான அவர்களது ஆய்வில், இப்படிப் பயின்ற பெண்கள் கடும் பயிற்சியைக் குறைவாகச் செய்தும் மற்றப் பெண்களுக்கு ஒப்பான முன்னேற்றம் கண்டனர்.

அளப்பதற்கு நெஞ்சுப் பட்டியும் கைத்தொலைபேசியும் போதும். எழுந்தவுடன், தினமும் ஒரே நேரத்தில், ஒரே நிலையில் சில நிமிடங்கள் அளக்க வேண்டும். ஒரு பிள்ளையின் எண்ணை இன்னொரு பிள்ளையின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. அவளது கடந்த வார நிலையோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். மாதவிடாய்க்கு முந்திய நாள்களில் பலருக்கு இது சற்றுக் குறைவது இயல்பு. ஒருநாள் குறைவைக் கண்டு பயப்படவும் வேண்டாம். பல நாள்கள் தொடர்ந்தால் பயிற்சியைக் குறைக்கலாம். மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் கருவியைப் பார்த்துக்கொண்டிராமல் வைத்தியரிடம் போக வேண்டும்.

கருவி இல்லாத பாடசாலையிலும் வழி உண்டு. காலை நாடித்துடிப்பு, நித்திரை, உடல் அலுப்பு, மனநிலை ஆகிய நான்கையும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கொப்பியில் எழுதி வரட்டும். பயிற்றுநர் அதைப் பார்த்து அன்றைய ஓட்டத்தைத் தீர்மானிக்கட்டும்.

இல்ல மெய்வல்லுநர் போட்டி நெருங்கும்போது, "இண்டைக்கு ஏலாமல் கிடக்கு, ரீச்சர்" என்று ஒரு பிள்ளை சொன்னால், அவளைச் சோம்பேறி என்று சொல்லும் வழக்கம் எம்மிடையே நெடுங்காலம் இருந்தது. இரண்டாவது நூறாண்டுக்குள் அதைக் கொண்டுபோக வேண்டாம். இம்முறை விளையாட்டு நிதிக்கு நாம் பணம் அனுப்பும்போது, பயிற்சி அட்டவணையில் ஓய்வு நாளும் எழுதப்பட்டிருக்கிறதா என்று ஒரு வரி சேர்த்துக் கேட்போம்.