உழைப்பவன் கையில் அட்டை இருக்கிறதா?

(மஹல்லா நலக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



ஒரு ஜனாஸாவைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறேன். எங்கள் தெருவில் கொத்தனார் ஒருவர் இருந்தார். முப்பது ஆண்டுகள் ஊருக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுத்தவர்; தமக்கென்று ஒரு வீடு கட்டிக் கொள்ளாதவர். ஓர் இரவு மாரடைப்பில் மவுத்தாகி விட்டார். அடக்கம் முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் துண்டு விரித்து வசூல் செய்தோம். கிடைத்ததை அவர் மனைவியிடம் கொடுத்தபோது, அந்தச் சகோதரி ஒரு பழைய அட்டையைக் கொண்டு வந்து, "இதற்கு ஏதாவது கிடைக்குமா, அத்தா?" என்று கேட்டார். அது கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை. அதன் காலம் முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. உரிமையாக வர வேண்டிய பணம் போய்விட்டது. துண்டில் விழுந்த காசுதான் மிஞ்சியது.

இதில் யார் குற்றவாளி? எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதரா? படித்த நாமெல்லாம் அதே தெருவில்தானே இருந்தோம்! அவரிடம் ஒரு வார்த்தை கேட்டோமா?

சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அதன் கீழ் 1994இல் கட்டுமானத் தொழிலாளருக்கும், 1999இல் மற்ற உடலுழைப்புத் தொழிலாளருக்கும் வாரியங்கள் அமைந்தன. பின்னர் தையல், ஆட்டோ, தோல் பதனிடுதல், சாலையோர வியாபாரம் எனத் தொழில்வாரியாகப் பல வாரியங்கள் வந்தன. உணவும் பொருளும் வீட்டுக்கு வீடு கொண்டு சேர்க்கும் இளைஞர்களுக்கும் 2023இல் ஒரு வாரியம் அமைக்கப்பட்டது. பள்ளிவாசல், மதரஸா, தர்கா பணியாளர்களுக்கு 2009 முதல் உலமாக்கள் மற்றும் பணியாளர் நலவாரியம் இருக்கிறது.

இந்த வாரியங்கள் என்ன தருகின்றன? பிள்ளைகளின் படிப்புக்கு உதவி. உறுப்பினருக்கோ அவர் பிள்ளைகளுக்கோ திருமண உதவி. பிரசவ உதவி. கண்ணாடி வாங்க உதவி. 60 வயது நிறைந்தபின் மாதந்தோறும் ஓய்வூதியம். இயற்கை மரணமானாலும் விபத்து மரணமானாலும் குடும்பத்துக்கு நிதி. வாரியத்துக்கு வாரியம் தொகையும் விதியும் மாறலாம். உங்கள் வாரியத்தில் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

"அரசாங்கத்திடம் கையேந்துவதா?" என்று சிலர் கூச்சப்படுகிறார்கள். இது கையேந்துவதல்ல. கட்டுமான வாரியத்தின் நிதி எங்கிருந்து வருகிறது? கட்டுமானச் செலவில் 100க்கு 1 ரூபாய் என்று வசூலிக்கும் நிதியிலிருந்து வருகிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும், இந்த வசூல் 100க்கு 1 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 2 ரூபாய்க்கு மிகக் கூடாது என்றே சொல்கிறது. அப்படியானால் அது கல் சுமந்தவனின் தோளிலிருந்து வந்த பணம். தன் பணத்தைத் தான் கேட்பதில் என்ன வெட்கம்?

ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். சட்டம் வீடு தேடி வராது. 18 வயது நிறைந்தவர், 60 வயதுக்குள் பதிவு செய்து கொள்ள வேண்டும். பதிவைக் காலத்தில் புதுப்பிக்க வேண்டும். வாரிசின் பெயர் சரியாக இருக்க வேண்டும். அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் ஒரு பெயர் என்றிருந்தால் விதவையான பெண் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியதுதான்.

ஆகவே வாசக சகோதரரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ஜமாஅத்திலும் ஒரு பதிவேடு வையுங்கள். மஹல்லாவில் கொத்தனார் யார், தையல்காரர் யார், ஆட்டோ ஓட்டுபவர் யார், அவர் அட்டை எந்த மாதம் முடிகிறது என்று எழுதி வையுங்கள். இணையத்தில் விண்ணப்பிக்கத் தெரிந்த இளைஞர் இருவர் ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். இதற்குப் பெரிய நிதி வேண்டாம், நேரம்தான் வேண்டும்.

இறந்தவர் வீட்டுக்குத் துண்டு விரிக்கும் சமுதாயம் நல்ல சமுதாயம்தான். அவர் உயிரோடு இருக்கும்போதே அவர் அட்டையைப் புதுப்பித்துக் கொடுக்கும் சமுதாயம் அதைவிட நல்ல சமுதாயம். இன்று வீடு திரும்பியதும் முதல் வேலையாகப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "அட்டை இருக்கிறதா? தேதி என்ன?" என்று கேளுங்கள்.