இடையில் நின்ற படிப்பு

கல்லூரி என்றவுடன் நம் மனக்கண் முன் வந்து நிற்பது பதினெட்டு வயது இளைஞர் கூட்டமே. பள்ளியிறுதி வகுப்பைக் கடந்தவர்கள் நேரே கல்லூரிக்குள் நுழைவதும், மூன்று நான்கு ஆண்டுகளில் பட்டத்துடன் வெளியேறுவதும், பின்னர் வாழ்நாள் முழுவதும் அந்தப் பக்கமே திரும்பாதிருப்பதும் இயற்கையின் நியதி போல நமக்குத் தோன்றிவிட்டன. ஆனால் எல்லோருடைய வாழ்க்கையும் இந்த ஒழுங்கில் அமைவதில்லை. தந்தை திடீரென்று மறைந்தமையால் தம்பி தங்கையரைக் காக்க உத்தியோகத்துக்குப் போனவர் உண்டு. திருமண நாள் குறிக்கப்பட்டமையால் இரண்டாம் ஆண்டோடு புத்தகங்களைப் பரண்மேல் ஏற்றியவர் உண்டு. இவர்களுள் சிலர் முப்பது, நாற்பது வயதில், பொறுப்புகள் சிறிது இலேசான காலத்தில், மறுபடியும் மாணவராக விரும்புகின்றனர். அவர்களைப் பற்றி இன்று நாம் சிந்திப்போம்.

இத்தகையவரைக் குறிக்க நம் மொழியில் வழக்கூன்றிய சொல் ஒன்றும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. 'முதியோர் கல்வி' என்ற தொடர் நமக்குப் பழக்கமானதுதான். ஆனால் அது எழுத்தறியாதவர்க்கு எழுத்தறிவிக்கும் இயக்கத்தின் பெயராகிவிட்டது. பட்டப் படிப்பைத் தொடர வரும் நடுவயதினருக்கு அது பொருந்தாது. பெயரில்லாத ஒருவரை ஏற்பாடு செய்பவர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள். பாட நேரம் வகுக்கும்போதும், கட்டணம் செலுத்தும் நாளைக் குறிக்கும்போதும், விண்ணப்பப் படிவம் அச்சிடும்போதும் அவர்கள் கண் முன் நிற்பவன் பெற்றோர் ஆதரவில் வாழும் இளைஞனே. தானே ஒரு தந்தையாகிவிட்டவர், 'தந்தையின் தொழில்' என்னும் கட்டத்தின் எதிரே பேனாவை வைத்துக்கொண்டு யோசிக்க நேரிடுவது இதனால்தான்.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்று ஒரு பழமொழியைச் சொல்லி இவர்களைத் தடுப்பார் பலர். அப்பழமொழி உண்மையே, ஆனால் அது எவரைப் பற்றிப் பேசுகிறது என்று நாம் பார்க்க வேண்டாமா? ஒருபோதும் வளையாததைப் பற்றியன்றோ அது பேசுகிறது! படிப்பை இடையில் விட்டவர் ஐந்தில் வளைந்தவரே. கற்கும் ஆற்றல் அவரிடம் இல்லாமற் போகவில்லை. கற்பதற்கான அவகாசமே இல்லாமற் போயிற்று. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவது நியாயமாகாது.

நம் நாட்டுப் பெரியோர் இருவருடைய வரலாறு இதற்குச் சான்று. அண்ணல் அம்பேத்கர் 1916ஆம் ஆண்டில் லண்டனில் மேற்படிப்பைத் தொடங்கினார். பரோடா அரசு வழங்கிய உபகாரச் சம்பளத்தின் காலம் முடிந்தமையால் 1917இல் படிப்பை நடுவில் நிறுத்திவிட்டுத் தாயகம் திரும்ப நேர்ந்தது. நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து தொடரலாம் என்று பல்கலைக்கழகம் இசைவளித்திருந்தது. பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் மன்னர் உதவினார். நண்பர் ஒருவர் கடன் கொடுத்தார். 1920இல், தம் இருபத்தொன்பதாம் வயதில், பேராசிரியர் மீண்டும் மாணவரானார். 1921இல் முதுநிலைப் பட்டமும் 1923இல் டாக்டர் பட்டமும் பெற்றார். இங்கே மூன்று பொருள்கள் ஒன்று சேர்ந்தமையை நாம் மறக்கலாகாது. அவருடைய உறுதி ஒன்று. பக்கத்திலிருந்தோர் செய்த உதவி ஒன்று. கதவைச் சாத்திவிடாமல் வைத்திருந்த கல்வி நிலையம் ஒன்று. இவற்றுள் எது குறைந்திருந்தாலும் காரியம் கைகூடியிராது.

மற்றொருவர் துர்காபாய் தேஷ்முக் அம்மையார். 1909இல் ராஜமகேந்திரவரத்தில் பிறந்த அவருடைய பள்ளிப் படிப்பு சிறு வயதிலேயே நின்றுபோயிற்று. உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். அதற்குப் பின்னரே பள்ளியிறுதித் தேர்வை எழுதித் தேறி, 1939இல் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டமும், 1942இல் சென்னையில் சட்டப் பட்டமும் பெற்றார். அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக அமர்ந்தார். தாம் ஏறிய ஏணியை அவர் மறந்துவிடவில்லை. அவரை முதல் தலைவராகக் கொண்டு 1953இல் அமைந்த மத்திய சமூக நல வாரியம், படிப்பு நின்றுபோன மகளிருக்கென்று குறுங்காலக் கல்வித் திட்டத்தை 1958இல் தொடங்கியது.

தலைநகராகிய டில்லியின் வரலாற்றிலும் இதற்கு ஒரு தனி அத்தியாயம் உண்டு. 1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் வீடு வாசலுடன் கல்லூரியையும் இழந்து வந்த பஞ்சாப் மாணவர்கள், பகலில் கிடைத்த வேலையைச் செய்துகொண்டு, மாலையில் முகாம் கல்லூரியில் படித்தார்கள். பின்னர் 1950களின் இறுதியிலிருந்து டில்லிப் பல்கலைக்கழகத்தில் மாலைக் கல்லூரிகள் தோன்றின. 1962இல் நாட்டிலேயே முதலாவதாக அஞ்சல்வழிக் கல்வி அங்கு தொடங்கிற்று. அதற்கும் முன்பே, 1944இல், கல்லூரிக்கு நாள்தோறும் வர இயலாத டில்லிப் பெண்களுக்கென ஒரு வாரியம் ஏற்பட்டது. சனி அல்லது ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு நடத்தும் அவ்வாரியம் இன்றும் பணியாற்றி வருகிறது. நாடாளுமன்றம் 1985இல் இயற்றிய சட்டத்தால் தோன்றிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 1987இல் இரண்டே பட்டயப் படிப்புகளுடனும் 4,528 மாணவர்களுடனும் பாடம் தொடங்கியது. அங்கே மூன்றாண்டு இளநிலைப் பட்டத்தை ஆறு ஆண்டுகள் வரை எடுத்துக்கொண்டு முடிக்கலாம் என்ற விதி, குடும்பச் சுமை உடையவர்க்கு ஒரு பெரிய ஆறுதல்.

வழிகள் பல உண்டாயினும் சேருமுன் ஆராய வேண்டியன சில உள. தொலைநிலையில் கற்பிக்கும் நிறுவனத்துக்கு, நாம் சேரக் கருதும் அந்தக் குறிப்பிட்ட பாடத்துக்கே, அந்த ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நிறுவனத்தின் பெயர் பெரிது என்பது மட்டும் போதாது. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, இடையில் விலகவும் மீண்டும் சேரவும் இடமளிக்கிறது. அதன் வழியில் 2021இல் வகுக்கப்பட்ட விதிகள், மாணவர் ஈட்டிய மதிப்பலகுகளை ஏழாண்டு வரை சேமித்து வைக்க வகை செய்தன. இது வருங்காலத்தார்க்கு நல்ல ஏற்பாடு. இருபது ஆண்டுகளுக்கு முன் படிப்பை விட்டவரோ பெரும்பாலும் முதற்படியிலிருந்தே ஏற வேண்டியிருக்கும். அதை அறிந்து சேர்ந்தால் பின்னர் மனக்கசப்பு நேராது.

இனி, சேர்ந்தபின் வரும் இடர்களைப் பார்ப்போம். நினைவாற்றல் குறைந்திருக்குமோ என்றே எல்லோரும் அஞ்சுகிறோம். நடைமுறையில் முதலில் நம்மைக் கைவிடுவது நினைவன்று, கைதான். பல்லாண்டுகளாகக் கையெழுத்திடுவதற்கும் தட்டச்சு செய்வதற்கும் மட்டுமே பழகிய விரல்கள், மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதும்போது மரத்துப்போகின்றன. நாள்தோறும் இரண்டு பக்கம் எழுதிப் பழகினால் இது நீங்கும். அடுத்த இடர் நேரம். மொத்தமாக ஞாயிற்றுக்கிழமையில் படித்துவிடலாம் என்று நம்பியிருப்பவரை ஞாயிற்றுக்கிழமை ஏமாற்றிவிடும். அன்றுதான் உறவினர் வருவார்கள், மாவு அரைக்க வேண்டும், ரேஷன் கடைக்குப் போக வேண்டும். வைகறையில் ஒரு மணி நேரம் என்று வரையறுத்துக்கொண்டவரே பெரும்பாலும் கரை சேருகிறார்.

எல்லாவற்றிலும் பெரியது கூச்சம். வகுப்பினுள் நுழைந்தால் ஆசிரியர் வந்துவிட்டார் என்றெண்ணி மாணவர்கள் எழுந்து நிற்பார்கள். நமக்கு முகம் சிவக்கும். தம் மகன் வயதுடையவன் விடையைச் சட்டென்று சொல்லும்போது உள்ளம் குன்றும். ஆயினும் பொருளாதார வகுப்பில் விலைவாசியைப் பற்றிப் பேச்சு வரும்போது, இருபது ஆண்டுகள் குடும்பம் நடத்தியவருக்கு அது புத்தகச் செய்தி அன்று. இளைஞர் படித்து அறிவதை அவர் பட்டு அறிந்திருக்கிறார். அதற்குரிய பெயரையும் விதியையுமே கல்லூரியில் பெறுகிறார். ஆகவே இளைஞரோடு போட்டியிடுவதை விட்டுவிட்டுக் கொடுக்கல் வாங்கல் செய்துகொள்வதே அறிவுடைமை. அவர்களிடமிருந்து புதிய முறைகளைக் கற்கலாம். நம் அனுபவத்தை அவர்களுக்கு அளிக்கலாம்.

வீட்டாரும் காரியாலயமும் இவ்விஷயத்தில் என்ன செய்கின்றன என்பது முக்கியமான வினா. மத்திய அரசு ஊழியருக்குக் கல்வி விடுப்பு உண்டு. சாதாரணமாக ஒரு முறைக்குப் பன்னிரண்டு மாதமும், பணிக்காலம் முழுவதற்கும் இருபத்துநான்கு மாதமும் அதன் எல்லை. ஆனால் ஐந்தாண்டுப் பணி நிறைவும், பாடம் பணியோடு தொடர்புடையதாக இருத்தலும் அதற்கு நிபந்தனைகள். மாலையில் வரலாறு படிக்க விரும்பும் எழுத்தருக்கு அது எட்டாக் கனி. பெண் ஊழியருக்குக் குழந்தை பராமரிப்பு விடுப்பு 730 நாள் உண்டு. பிள்ளையின் பரீட்சையும் அதற்குரிய காரணங்களுள் ஒன்றாக விதியிலேயே சொல்லப்பட்டுள்ளது. மிக நல்ல விதி. ஆனால் அதே தாய் தன் பரீட்சைக்குச் செல்ல வேண்டுமாயின் தன் ஈட்டிய விடுப்பிலிருந்தே எடுத்தாக வேண்டும். வீட்டிலும் நிலை இதுவே. பிள்ளை படிக்கும்போது தொலைக்காட்சியின் ஒலியைக் குறைக்கும் குடும்பம், தாய் படிக்க உட்காரும்போது 'காப்பி ஆயிற்றா?' என்று கேட்கிறது. அவள் படிப்பு ஒரு பொழுதுபோக்கு என்று எல்லோரும், சில சமயம் அவளுங்கூட, எண்ணிவிடுவதே இதற்குக் காரணம்.

'இந்த வயதில் பட்டம் வாங்கி என்ன செய்யப் போகிறாய்?' என்ற கேள்வி கட்டாயம் வரும். சிலருக்குப் பதவி உயர்வு கிடைக்கலாம். பலருக்கு ஒன்றும் கிடைக்காமலும் போகலாம். கடன் வாங்கியோ, குடும்பத்தின் உணவைக் குறைத்தோ படிக்கச் சொல்வது முறையன்று. ஆயினும், பிறர் பொருட்டு எப்போதோ விட்டுக்கொடுத்த ஒன்றை ஒருவர் திரும்பக் கேட்கும்போது, அதனால் என்ன இலாபம் என்று கணக்குப் பார்க்கும் உரிமை நமக்கு உண்டா? அவர் விட்டுக்கொடுத்தபோது நாம் கணக்குப் பார்க்கவில்லை. தங்கையின் திருமணமும் தம்பியின் படிப்பும் அவருடைய தியாகத்தால் நடந்தன. இப்போது அவர் கேட்பது நாளொன்றுக்கு ஒரு மணி நேரமும், ஒரு மேசையும், ஒரு விளக்கும்தான். அவற்றை மனமுவந்து அளிப்பது நம் கடமை.

நம் வீடுகளில் பரண்மேல் கிடக்கும் பழைய பாடப் புத்தகங்கள் யாருடையவை என்று இன்றிரவு விசாரித்துப் பார்ப்போம். அவற்றை விட்டுவந்தவர் மீண்டும் படிக்க விரும்புகிறாரா என்று ஒரு சொல் கேட்போம். அடுத்த கல்வியாண்டுச் சேர்க்கை அறிவிப்பு வரும்போது, பிள்ளைகளின் விண்ணப்பத்தோடு அவருடைய விண்ணப்பமும் சேர்ந்து போகட்டும்.