சதுரகிரி ஒரு காலத்துல எரிமலையா?

இந்த வாரக் கேள்வி சுந்தரபாண்டியத்துல இருந்து ஒரு வாய்ஸ் நோட்டா வந்தது. "எங்க ஊர்ல நின்னு பார்த்தா சதுரகிரி மலை தெரியும். அங்க இருக்கிற கருங்கல் எல்லாம் உறைஞ்ச லாவாவா? திடீர்னு ஒருநாள் வெடிக்குமா?" தான்சானியா எரிமலை வீடியோ ஒண்ணு பார்த்துட்டு வந்த சந்தேகமாம்.

முதல்ல அந்த எரிமலைக்குப் போவோம். பேரு ஓல் டோய்ன்யோ லெங்காய். மாசாய் மக்களோட மொழியில 'கடவுளின் மலை'னு அர்த்தம். உயரம் கிட்டத்தட்ட 2,960 மீட்டர். ஆப்பிரிக்கக் கண்டம் அந்தப் பகுதியில வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர் கணக்குல ரெண்டா விலகிக்கிட்டு இருக்கு. விலகுற இடத்துல அடியில இருக்கிற சூடான பாறைக்கு மேல அழுத்தம் குறையும். குறைஞ்சா அதுல கொஞ்சம் உருகி மேல ஏறும்.

சாதாரண எரிமலைக் குழம்பு 1,100 டிகிரி சூட்டுல சிவப்பா ஓடும். லெங்காய்ல வர்றது 500லிருந்து 600 டிகிரிதான். கறுப்பா, எண்ணெய் மாதிரி ஓடும். காற்றோட ஈரம் பட்டதும் கொஞ்ச நாள்லயே வெளுத்துடும். காரணம், அதுல மணல் சத்தான சிலிக்கா ரொம்பக் குறைவு. சோடா உப்பும் சுண்ணாம்பும் கலந்த கார்பனேட்தான் அதிகம். இப்படிப்பட்ட குழம்பைக் கக்குற எரிமலை இன்னைக்கு உலகத்துல இது ஒண்ணுதான்.

பார்க்க சாது மாதிரி இருந்தாலும் 1917, 1940, 1966, 2007னு அப்பப்போ பெருசா வெடிச்சு சாம்பலைக் கொட்டியிருக்கு. அந்த மலையடிவாரத்துல, பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னால சாம்பல் கலந்த சேத்துல நடந்தவங்களோட காலடித் தடம் 400க்கும் மேல கிடைச்சிருக்கு.

இப்போ நம்ம மலைக்கு வருவோம். சதுரகிரி உட்பட அந்தப் பக்கத்து மேற்குத் தொடர்ச்சி மலையில இருக்கிறது பெரும்பாலும் சார்னோகைட்டும் நைஸ் பாறையும். ரெண்டுமே லாவா இல்லை. சுமார் 55 கோடி வருஷத்துக்கு முன்னால, பூமிக்கடியில 20 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துல, கடுமையான சூட்டுலயும் அழுத்தத்துலயும் வெந்து உருமாறின கல். மேல இருந்ததெல்லாம் கோடிக்கணக்கான வருஷமா அரிச்சுப் போனதால இன்னைக்கு வெளிய தெரியுது. சென்னைக்காரங்க பரங்கிமலையில பார்க்கிறதும் இதே இனக் கல்தான். கொல்கத்தாவுல இருக்கிற ஜாப் சார்னாக்கோட கல்லறைக்கு இங்கிருந்துதான் கல் போச்சு. அவர் பேரைத்தான் கல்லுக்கு வெச்சாங்க.

இதுல ஒரு சுவாரசியம் இருக்கு. அந்தக் கல் வெந்த காலத்துல இந்தியா, மடகாஸ்கர், கிழக்கு ஆப்பிரிக்கா எல்லாம் கோண்ட்வானாங்கிற ஒரே நிலமா சேர்ந்துக்கிட்டு இருந்துச்சு. கென்யா, தான்சானியாவுல எரிமலைகளுக்கு அடியில இருக்கிற பழைய பாறைகள்ல ஒரு பகுதி நம்ம பாறைக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்.

லெங்காய் வகைக் கார்பனேட் பாறையும் தமிழ்நாட்டுல உண்டு. திருப்பத்தூர் பக்கம் செவத்தூர்ல, 70 கோடி வருஷத்துக்கும் முன்னால பூமிக்கடியிலேயே உறைஞ்சு நின்னது. மாடித் தோட்டத்து மண்கலவையில மினுமினுன்னு இருக்குமே வெர்மிகுலைட், அது அங்க கிடைக்குது. இந்தியாவுல உயிரோட இருக்கிற எரிமலை அந்தமான் பக்கத்து பாரன் தீவு மட்டும்தான். 150 வருஷத்துக்கு மேல தூங்கிட்டு 1991ல முழிச்சுது.

அப்போ சதுரகிரி வெடிக்குமா? வெடிக்காது. கண்டம் அங்க பிளந்துக்கிட்டு இல்லை, கீழ உருகின குழம்பும் இல்லை. ஆனா பயமே வேண்டாம்னு சொல்ல மாட்டேன். மலை மேல பெய்யுற மழை கெட்டிப் பாறையில ஊறாம, குறுகலான ஓடைகள்ல நிமிஷத்துல இறங்கிடும். 2015 மே மாசம் அமாவாசைக்குப் போன பக்தர்கள் சிலர் அப்படி வந்த காட்டாற்று வெள்ளத்துல உயிரை விட்டாங்க. கீழ வெயில் அடிச்சாலும் மேல மழை பெய்யலாம். அதனால மலையேறப் போறவங்க வனத்துறை "இன்னைக்குப் போகாதீங்க"ன்னா போகாதீங்க. ஓடையில தண்ணி கலங்கி வந்தா, கடக்க நினைக்காம மேட்டுக்கு ஏறி நில்லுங்க.

அடுத்த வாரம் பார்ப்போம்.